பெட்ரோல் டேங்க் சாவி

“டேங்க் சாவியக் குடுங்க, மொதலாளி.”

இந்த ஆபீசில் அந்தச் சாவியை மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்று, டைப் அடிக்க வந்த முதல் நாளே முத்துக்கனிக்குச் சொல்லியிருந்தார் அய்யாக்குட்டி. புது ஹார்பர் கட்டும் கம்பெனிக்கு வாடகைக்கு ஓடும் அவருடைய ஜீப், பத்து நாளாகக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. டிரைவர் மாசானம்தான் காரணம் என்று போலீசில் சொல்லி, அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்தாயிற்று.

“பி.எஸ்சி. படிச்சிட்டா ஜீப்பும் தெரிஞ்சிருமோ?”

“பிளக்குல பொறி நல்லா வருது. கார்பரேட்டர்ல புதுப் பெட்ரோல் ரெண்டு சொட்டு விட்டேன், உடனே கிளம்பிருச்சு. சொட்டு தீந்ததும் அணைஞ்சிருச்சு. டேங்குல இருக்கதுதான் கோளாறு.”

“அதத்தாம்ளா நானும் சொல்லுதேன். கம்பெனி குடுக்குற பெட்ரோல உருவிட்டு, சீமெண்ணெய ஊத்தி வச்சிருக்கான் மாசானம்.”

“பூட்டுன டேங்க எப்படித் தொறந்தாரு? இருக்கது ஒரே சாவி, அதுவும் உங்க இடுப்புல. அதக் கேட்டதுக்குத்தான போன மாசம் அவர அறைஞ்சீங்க?”

அய்யாக்குட்டி இடுப்புச் சாவியை வேட்டிக்குள் செருகிக்கொண்டார்.

“சரி, அவன வெளிய எடுத்திருதேன். நீ வாய மூடிட்டு உக்காரு.”

“வெளிய வந்தாலும் ஊரு திருடன்னுதான சொல்லும்?” முத்துக்கனி செருப்பை மாட்டினாள்.

“எங்களா போற?”

“ஸ்டேஷனுக்கு. சீமெண்ணெய ஊத்துனது யாருன்னு எழுதிக் குடுக்கப் போறேன்.”

“ஏளா, பெத்த அப்பன் மேலயா?”

“ஆபீசுல அப்பான்னு கூப்பிடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க, மொதலாளி” என்றவள், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.