தொப்பியின் மேல்பக்கம்

“முன்பக்கம் வெறுமையா இருக்கே, பூ எங்கடி?” என்றாள் கைவேலை டீச்சர்.

சுண்டைக்காய் தொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வகுப்பிலேயே சிறியவள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. பிடிவாதம் மட்டும் பூசணிக்காய் அளவு. மற்ற காகிதத் தொப்பிகளின் முன்பக்கமெல்லாம் பூவும் மீனும் மினுங்க, இவள் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அட்டையை வெட்டி, உச்சியில் மூடியாக ஒட்டி, இருந்த மஞ்சள் சாயத்தையெல்லாம் அதன் மேல் கொட்டிச் சூரியன் வரைந்திருந்தாள்.

டீச்சருக்கு இது சோதனை நாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். இன்றைய தொப்பி ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று தலைமையாசிரியை முடிவு செய்வார். போதாக்குறைக்கு, பக்கத்து மனையில் கட்டடம் எழுப்பும் கிரேனின் இரைச்சல் வேறு. கத்திக் கத்தியே அவள் தொண்டை கட்டிவிட்டது.

“உச்சியில வரைஞ்சா யாருடி பாப்பாங்க? காக்காவா?”

வகுப்பே சிரித்தது. வேறு தொப்பி தருவதாகச் சொல்லியும் பார்த்தாள். சுண்டைக்காய் இரண்டு கையாலும் தொப்பியை அணைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதற்கு மேல் மல்லுக்கட்ட டீச்சருக்கு மனசு வரவில்லை. கடைசியில் போய் நில் என்று சொல்லிவிட்டாள்.

ஊர்வலம் மைதானத்தைச் சுற்றி வந்தது. தலைமையாசிரியையின் பார்வை நேராகப் போய் அந்த மொட்டைத் தொப்பியில்தான் நின்றது.

“இது என்ன டீச்சர், அரைகுறையா?”

பழியைக் குழந்தை மேல் போட்டுவிடலாம்தான். டீச்சர் சுண்டைக்காயின் தோளில் கை வைத்தாள். “அவ ஆசைப்பட்டுச் செஞ்சது மேடம். நான்தான் விட்டுட்டேன்.”

தன் குரல் தனக்கே அவ்வளவு தெளிவாகக் கேட்டதில் அவள் திகைத்துப்போனாள். இரைச்சல் நின்றிருந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இருபது மாடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டிலிருந்து ஒரு கை விடாமல் அசைந்துகொண்டிருந்தது.

“நான் முழிக்கறதுக்குள்ள அப்பா கிளம்பிடுவாரு, தூங்கினப்புறம்தான் வருவாரு” என்றாள் சுண்டைக்காய், சூரியன் சாயாமல் தலையை நேராக வைத்துக்கொண்டு. “அங்கேர்ந்து பாத்தா எல்லாப் புள்ளைங்களும் கறுப்புப் புள்ளியாத்தான் தெரியுதாம். அதுல நம்ம பொண்ணு எதுன்னு தெரியலையேன்னு அம்மாகிட்ட சொன்னாராம்.”

தலைமையாசிரியை வெகுநேரம் அண்ணாந்த முகத்தை இறக்கவே இல்லை.

“தினமும் விளையாட்டு நேரத்துல இவ இதைப் போட்டுக்கட்டும்” என்றார் மெல்ல. “அந்தக் கட்டடம் முடியற வரைக்கும், கிழியக் கிழியப் புதுசு செஞ்சு குடுக்கறது உங்க பொறுப்பு, டீச்சர்.”