பதினோராவது நொடி

"பதினோராவது நொடியக் கேளுங்கடா. அங்கதான் ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலைத் தூக்குறான், கோழை!"

டயர் கடை நடுவில் டுவேன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். அவனைச் சுற்றி நாலு பேர், காபிக் கோப்பைகளோடு.

டயர் மாற்றக் கொடுத்துவிட்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெர்னா நிமிர்ந்து பார்த்தாள்.

திரையில், அடுத்த ஆண்டு வரப்போகிற பாலைவனப் பிக்கப் வண்டி. யாருக்கும் உருவம் பிடிபடக் கூடாதென்று உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழிகளை ஒட்டிச் சோதனை ஓட்டுகிறார்கள். உள்ளே இருப்பது எட்டு சிலிண்டரா, ஆறா? இணையத்தில் மூன்று லட்சம் பேர் அடித்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சாட்சி, டுவேன் ஒளிந்திருந்து பிடித்த இருபது நொடிக் காணொளி.

"எட்டுதான். கூடவே சூப்பர்சார்ஜரும் இருக்கு," என்றான் டுவேன். "அடியில ஒரு ஊளை வருதுல்ல? எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கிற சத்தம் அது."

"போடா. எஞ்சின் இறங்குறப்ப ஊளையும் இறங்கணுமே? இது அசையாம ஒரே சுதியில நிக்குது," என்றார் கிழவர் ஆர்லோ.

"அப்ப அது கரண்டுல ஓடுற புது ரகம்யா. உலகத்துலயே மொதல்ல கண்டுபிடிச்சவன் நான்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"வண்டி சிங்கம். ஓட்டுறவன்தான் உதவாக்கரை. நேர் ரோட்டுல, மேடு இல்ல பள்ளம் இல்ல, ரெண்டு தடவை காலைத் தூக்குறான் பாரு," என்றான் டுவேன்.

வெர்னா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

போன மழைக்காலத்தில் ஓடைக்குள் வண்டியைக் கவிழ்த்தவன் இந்த டுவேன். கயிறு கட்டி இழுத்து வெளியே போட்டவர் அவள் கணவர் கிளீட். இவனா காலைத் தூக்குவதைப் பற்றிப் பேசுவது!

கிளீட் முப்பத்தொரு ஆண்டு சோதனை ஓட்டுநர். எந்த வண்டியில் என்ன எஞ்சின் என்று அவளிடம்கூடச் சொன்னதில்லை. சோதனைத் திடலின் வாசலிலேயே கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

அதனால் வீட்டைக் கடக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி வைப்பார். புகைக்குழாய் டப்பென்று வெடிக்கும். இரண்டு வெடி என்றால், சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். ஒன்று என்றால், நேரமாகும், நீ சாப்பிடு. சண்டை போட்ட நாளில் ஒன்றும் இருக்காது.

"எங்கேர்ந்து பிடிச்ச இதை?"

டுவேன் அசடு வழிந்தான். "உங்க வீட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிதான், வெர்னா. கோவிச்சுக்காதீங்க."

"என் வேலிக்குள்ள திருடன் மாதிரி நுழைஞ்சு படம் பிடிச்சிட்டு, ஓட்டினவரைக் கோழைங்கிறியா? தேதியப் பாருடா."

திரையின் ஓரத்தில் இருந்தது. ஏப்ரல் ஒன்பது. மாலை நாலு பத்து.

ஆர்லோ தொப்பியைக் கழற்றினார்.

அன்று மாலை சோதனைத் திடலின் வாசலுக்கு வந்து, வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கும் போட்டுவிட்டுத்தான் கிளீட் ஸ்டீயரிங்கில் சாய்ந்தார். ஊருக்கே தெரியும். அவர் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் டுவேனும் ஒருவன்.

காலையில் நடந்தது மட்டும் ஊருக்குத் தெரியாது. நெஞ்சு வலிக்கிறது என்கிறீர்களே, வேலையை விடுங்கள் என்றாள் அவள். இந்த ஒரு வண்டி வெளியே வரட்டும் என்றார் அவர். "அப்ப அந்த எஞ்சினையே கட்டிக்கிட்டுச் சாவுங்க" என்று அவள் கத்தினாள். கதவை அவர் மெதுவாகத்தான் சாத்தினார்.

அன்று நாலு மணிக்கு அவளுக்கு ஒரு வெடியும் கேட்கவில்லை.

அவர் வெடிக்க வைக்கவில்லையா, அவளுக்குத்தான் கேட்கவில்லையா? ஐந்து மாதமாக அவளைத் தின்கிற கேள்வி.

"போடு," என்றாள். டுவேன் தயங்கவும், கைப்பேசியைப் பிடுங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.

தூரத்தில் எஞ்சின். நெருங்குகிறது. அடியில் அந்த ஊளை. எட்டு, ஒன்பது, பத்து.

எஞ்சின் தணிந்தது.

டப்.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

டப்.

எஞ்சின் மறுபடி எழுந்து, தேய்ந்து, போயே போய்விட்டது. ஊளை மட்டும் மிஞ்சியது. எதையோ இழுத்து விழுங்க முடியாமல் ஒரு கணம் திணறியது. பிறகு பழையபடி, அதே சுதியில்.

வெர்னா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அவர் உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாரே," டுவேனின் குரல் இறங்கியிருந்தது. "எட்டா, ஆறா?"

"ரெண்டு," என்றாள்.

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊளையைப் பற்றியும் அவள் எதுவும் சொல்லவில்லை. மூன்று லட்சம் பேரும் இன்னும் கொஞ்ச நாள் அடித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். கூடத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஜன்னலுக்கடியில், தூசி உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் நின்றிருந்தது. ஐந்து மாதமாக அவள் தொடவில்லை. அவர் வருகிற சத்தம் காதில் விழவே கூடாதென்று, அன்று சரியாக நாலு மணிக்கு அவள் முடுக்கிவிட்டது. பிளக் இன்னும் சுவரில்தான் இருந்தது.