ஐம்பதைக் காட்டும் முள்

"எந்தக் களவாணிப் பயலோ என் வண்டி வயித்துல கையை விட்டிருக்கான் கனி! அவன் மட்டும் அகப்படட்டும், காவேரிப் பாலத்துல கட்டித் தொங்க விடறேன்!"

பாலக்கரைப் பட்டறை வாசலில் டாக்ஸியை நிறுத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார் அழகிரி.

மெக்கானிக் முகம்மது கனி கைத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"முதல்ல உக்காருங்க மாமா. வண்டி என்ன பண்ணுது?"

"என்ன பண்ணலைன்னு கேளு. முள்ளு ஐம்பதைக் காட்டுது. நெல்லு ஏத்தின லாரிக்காரன் கையை ஆட்டிட்டுத் தாண்டிப் போறான்! என்ஜின் போடற கூச்சல்ல காது அடைச்சுப் போவுது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது."

சொல்லச் சொல்ல அவருக்கே அலுப்பாக வந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, அப்புறம் வாழைத்தார் ஏலம் எடுத்து, அணா அணாவாக வாயாடிப் பேரம் பேசி வாங்கின பழைய சீமை வண்டி. அதுவும் இப்படிப் படுத்தினால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"மண்டிக்கார ரெங்கராஜ் முதலாளி இன்னிக்கும் துறையூர்ச் சந்தைக்கு லேட்டு. 'அழகிரி, நாளைக்கும் இப்படின்னா நான் வேற வண்டி பார்த்துக்கறேன்'னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டார். எனக்கு இருக்கறதே அந்த ஒரு நிலையான சவாரி. அது போச்சுன்னா மறுபடி தலையில சும்மாடுதான்."

கனி ஜாக்கி போட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினான். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. வண்டிக்கு அடியில் ஓடுகிற ஷாஃப்டில் இன்னொரு கோடு.

"நியூட்ரல்ல போட்டுட்டு வந்து சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்துங்க. மெள்ள."

அழகிரி சுற்றினார். கனி அடியில் படுத்து எண்ணினான்.

"அஞ்சே கால்."

"அப்படின்னா?"

"இந்தக் காருக்கு நாலே கால்தான் வரணும். உள்ள இருக்கறது இதே கம்பெனி வேனோட கிரவுன் பினியன், பின் அச்சுப் பல்சக்கரம். மூட்டை இழுக்கும், பறக்காது. ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர் பாக்ஸ்லேர்ந்து வருது. பின்னாடி பல்லு மாறினது அதுக்குத் தெரியாது. முள்ளு ஐம்பதுன்னு சொன்னா, வண்டி நாற்பதுல போவுது."

"பார்த்தியா! நான்தான் சொன்னேனே, மாத்திட்டான்யா! டாக்ஸி ஸ்டாண்டுல நிக்கற அந்தத் தைரியராஜ் வேலைதான் இது. ரெங்கராஜ் சவாரி மேல அவனுக்கு ஒரு கண்ணு."

"பின் அச்சைப் பிரிச்சு மாட்ட ஒரு பகல் வேணும் மாமா. நீங்க எங்க இருந்தீங்களாம்?"

"ஸீட்டுலயே தூங்கியிருப்பேன். அந்த லட்சணத்துலதான் அசந்து கிடக்கறேன்." அழகிரிக்குக் கோபம் திரும்பியது. "அடுத்தவன் பொழைப்பைக் கெடுத்துட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி நடமாடறான் பாரு! அவனெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறானா?"

"தைரியராஜ் இல்லை மாமா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் மாத்தினேன்."

அழகிரியின் கை ஜாக்கிக் கம்பிக்குப் போய்விட்டது. கனி நகரவில்லை.

"உங்க கிரவுன் உள்ள கோணியில பத்திரமா இருக்கு. வேன் கிரவுன் என் காசு."

"ஏண்டா? உனக்கு நான் என்னடா துரோகம் பண்ணினேன்?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலை. சமயபுரத்துப் பூச்சொரிதல் முடிஞ்ச மறுநாள், மட்கார்டு நசுங்கி, லைட்டு உடைஞ்சு கொண்டாந்து விட்டீங்க. என்னாச்சுன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

அழகிரியின் குரல் இறங்கிவிட்டது.

"ஆடு... குறுக்க வந்துருச்சுன்னு..."

"லைட்டைக் கழட்டினேன். வளையத்துல மஞ்சச் சேலைக் கிழிசல் மாட்டியிருந்துச்சு மாமா."

கம்பி கை நழுவியது. அழகிரி அப்படியே பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"கோயிலுக்கு நடந்து போற கூட்டம்டா கனி. நின்னிருந்தா அங்கேயே அடிச்சுக் கொன்னிருப்பாங்க. பின்னாடி முதலாளி வேற, நேரமாச்சு நேரமாச்சுன்னு..."

"விசாரிச்சேன். அந்தம்மா பேரு மாரியாயி. பெரியாஸ்பத்திரியில கிடக்குறாங்க. உசிருக்கு ஆபத்தில்லை, கால்தான் முறிஞ்சிருக்கு. வீட்டுக்காரர் வாசல்ல நின்னு வர்ற டாக்ஸியை எல்லாம் மறிச்சு, யாருய்யா இடிச்சதுன்னு கேக்குறார்."

"போலீஸ்ல சொல்லிட்டியா?"

"சொல்லலை. நீங்களாப் போவீங்கன்னு இருந்தேன். அதுவரைக்கும் இன்னொரு ஆளை அடிக்காம இருக்கட்டும்னுதான் அந்த மட்கார்டு ரிப்பேரோடவே வேகத்தைப் பிடுங்கி வச்சேன். தினம் தினம் உங்க முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துப் போச்சு."

கனி ஜாக்கியை இறக்கினான். சக்கரம் தரையில் உட்கார்ந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போக இந்த வேகம் போதும். ஏறுங்க மாமா. அந்தம்மா கட்டிலுக்கு முன்னாடி நின்னு, இடிச்சது நான்னு உங்க வாயால சொல்லிட்டு வாங்க. அப்புறம் உங்க கிரவுனை மாட்டித் தர்றேன்."