எழுதிக் கொடுத்தவர்

"பேட்டரி மாத்தித் தர முடியாது சார். எக்ஸ்சேஞ்ச்ல புதுசு வாங்கிக்கங்க."

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். சட்டையில் க்ளென் என்று பெயர் குத்தியிருந்தது.

நாராயணசாமிக்குச் சுருக்கென்றது. பெங்களூரு அல்சூரில் இருபத்திரண்டு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறார். இப்போது சவாரியெல்லாம் ஆப் வழியாகத்தான் வருகிறது. போன் உயிரோடு இருந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதுவோ, காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றினாலும் பதினோரு மணிக்குப் படுத்துவிடுகிறது. வாங்கி இரண்டரை வருடம்தான், ஒரு கீறல் கிடையாது.

ஒரு பேட்டரிக்காக நல்ல போனைத் தூக்கிப் போடுவதா என்று கேட்டார். க்ளென்னுக்குப் பின்னால் ஒரு கூடை நிறையப் பழைய போன்கள் கிடந்தன. 'ஸ்கிராப்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

முடியாது என்றவர் உடனே அனுப்பினாரா என்றால் அதுவும் இல்லை. போனைக் கழற்றிப் பார்த்தார். ஒரு தாளை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தவர் இருபது நிமிடம் எழுதினார். இரண்டு இடத்தில் நாராயணசாமியிடம் கையெழுத்து வாங்கினார். சீல் குத்தினார்.

"இதைத் தொலைச்சிடாதீங்க" என்று நீட்டினார். சிரிப்பு என்ற பேச்சே இல்லை.

இல்லை என்று சொல்வதற்கு இத்தனை சடங்கா? எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக்கூட்டிப் பேர் படிப்பாரே தவிர, இத்தனையைப் படிக்க நாராயணசாமிக்கு வரவும் வராது, பொறுமையும் இல்லை. நாலாக மடித்து ஆட்டோ ஆர்.சி.யோடு செருகி வைத்தார்.

வெளியே வந்ததுமே மெசேஜ் வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டு, கீழே ஐந்து ஸ்டார்.

ஒத்த ஸ்டார் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? போன மாதம் மழையில் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனதற்கு ஒரு பயணி போட்டார். இரண்டு நாள் சவாரியே சரியாக வரவில்லை. நம்ம பக்க நியாயத்தை எவன் கேக்கறான் என்று வீட்டில் அவர் பேசாத பேச்சில்லை.

அதெல்லாம் இப்போது நினைவுக்கு வரவில்லை. ஒத்த ஸ்டாரை அமுக்கினார். 'க்ளென்னு ஒருத்தர், மனுஷங்களை மதிக்கவே தெரியல' என்று மைக்கில் பேசி அதையும் அனுப்பினார். மனசு ஆறியது.

அடுத்த வாரம் அவர் ஆட்டோவில் தீபிகா என்ற வக்கீல் ஏறினார். போனும் பவர் பேங்க்கும் ஒயரால் கட்டிக் கிடப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், நாராயணசாமி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அந்தத் தாளைக் காட்டச் சொன்னார் தீபிகா. டிரினிட்டி சிக்னலில் வண்டி நின்றபோது படித்தார்.

"அண்ணா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"முடியாதுன்னு எழுதியிருக்கும்."

"போன் நல்லா இருக்கு, பேட்டரி மட்டும்தான் போயிருக்கு. புது பேட்டரி எங்ககிட்ட ஸ்டாக் இருக்கு. ஆனா மாத்தித் தராதீங்க, புது போன் வாங்க வைங்கன்னு மேலிடத்து உத்தரவு. இப்படி எழுதி, தன் பேரையும் போட்டிருக்காரு."

சிக்னலில் பச்சை விழுந்ததுகூட நாராயணசாமிக்குத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வழக்கமாக வாயால் சொல்லித்தான் அனுப்புவார்கள் என்றார் தீபிகா. கையில் ஆதாரம் இல்லாமல் நுகர்வோர் கோர்ட்டுக்கு எதை வைத்துப் போவது? முக்கால்வாசிப் பேர் அலுத்துப்போய் நல்ல போனைக் குப்பைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"தன் வேலைக்குத் தானே உலை வெச்சுக்கிட்டு எழுதியிருக்காரு அண்ணா."

அன்றைக்கே நாராயணசாமி அந்த ஒத்த ஸ்டாரை மாற்றப் பார்த்தார். லிங்க் காலாவதியாகியிருந்தது. சரி, நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அந்தத் தாளை ஆதாரமாக வைத்து தீபிகா அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் வேலை செய்தது. பத்தாம் நாள் சர்வீஸ் சென்டரிலிருந்தே கூப்பிட்டார்கள். கால் கிலோ மைசூர்பாகோடு போனார்.

கவுன்டரில் வேறொருவர். வாய் நிறையச் சிரிப்பு. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அரை மணியில் பேட்டரியை மாற்றித் தந்தார். அடுத்து அதே மாடலோடு வந்த ஒரு பெண்ணிடம், அதே சிரிப்போடு, பேட்டரி வருவதில்லை என்றார். காகிதம் எதுவும் கொடுக்கவில்லை. அந்தப் பெண் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

நாராயணசாமி வாசலுக்கு வந்து, காவலுக்கு நின்ற கோவிந்தப்பாவிடம் க்ளென் எங்கே என்று விசாரித்தார்.

"அவரை அனுப்பி ரெண்டு வாரமாச்சே."

நோட்டீஸுக்கும் முன்னாலேயா? "எழுதிக் கொடுத்ததுக்கா அனுப்பினாங்க?"

"நோடி... பாருங்க சார், அவர் ஆறு மாசமா எல்லாருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாரு. பாதிப் பேர் படிக்காமலே இங்க கசக்கிப் போட்டுட்டுப் போவாங்க, நான்தான் பொறுக்குவேன். மேல இருக்கறவங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனா உண்மையை எழுதினான்னு ஒருத்தனை வேலையை விட்டுத் தூக்க முடியுமா? அவங்களே மாட்டிக்குவாங்க. ஏதாவது சாக்கு கிடைக்காதான்னு காத்துட்டு இருந்தாங்க."

கோவிந்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரோ ஒரு புண்ணியவான், பேரைச் சொல்லியே ஒத்த ஸ்டார் போட்டானாம். அதைக் காட்டித்தான் அனுப்பினாங்க."