நுரை வந்தால்தான் சோப்பு

"யக்கா, இந்த மிசின்ல இன்னாத்தக் கொட்டுறீங்க?" என்று கேட்ட மெக்கானிக் கோவிந்தராஜ், சோப்பு டிராயரை உருவி முகர்ந்து பார்த்தார்.

மேனாம்பேடு வீட்டின் கூடம் வரைக்கும் நுரை வந்திருந்தது. லாவண்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அம்மா வீட்டுச் சீராக வந்த மெஷின் அது. வந்த நாளிலிருந்து நுரை கக்கிக்கொண்டிருக்கிறது.

"இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா, வண்டில ஏத்தி உங்க ஊட்டுக்கே அனுப்பிடுவேன்" என்று மாமனார் காலையில் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார். சீர் திரும்பி வந்தால் அம்மா எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்?

"சத்தியமா இதாண்ணா ஊத்துறேன்" என்று லாவண்யா பாட்டிலை நீட்டினாள். "பவுடர விட்டுட்டு லிக்விட் வாங்கினேன். அதுலயும் கம்பெனி மாத்திப் பாத்துட்டேன். ஒரு மூடிக்கு மேல ஊத்தறதில்ல."

கோவிந்தராஜ் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். "இந்த மிசினுக்கு இதான் கரீட்டு. இதுல அவ்ளோவா நொர வராது. ஆனா டிராயர்ல பாருங்க, தூளு அப்பிக்கினு கீது. பக்கெட்ல ஊற வெச்சு கையால தொவைப்பாங்களே, அந்தப் பவுடரு. மிசினு மேல ஒண்ணும் தப்பில்லக்கா. ஊட்ல யாரோ கூடப் போடுறாங்க."

அவ்வளவுதான். லாவண்யா மாமியார் நாகவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அத்தே!"

"ஆமாம்மா, நான்தான். நீ அந்தாண்ட போனதும் ஒரு கை அள்ளிப் போடுவேன். நொர வந்தா நல்லா வெளுக்குதுன்னுதான் நெனச்சேன்."

வந்ததே கோபம் லாவண்யாவுக்கு! "மாமா ஏசும்போதெல்லாம் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீங்களே! எங்கம்மா குடுத்த மெஷினு கெட்ட பேரு வாங்கணும், அதானே? எங்க ஊட்டு சீர்னா அவ்ளோ எளக்காரமா? எங்கம்மா கேட்டா துடிச்சுப் போயிடும். இப்பவே சொல்றேன்."

அவள் போனை எடுத்து ஐயப்பன்தாங்கலில் இருக்கும் அம்மாவின் எண்ணைத் தேடினாள். கோவிந்தராஜ் நமக்கெதுக்கு வம்பு என்று ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டார்.

நாகவல்லி பெருமூச்சு விட்டார்.

"சொல்லும்மா, நல்லா சொல்லு. 'எம்பொண்ணு கஞ்சம், சொட்டு சொட்டாத்தான் ஊத்துவா. அழுக்கு போவலன்னா எங்க மெஷினுக்குத்தான் கெட்ட பேரு. அவளுக்குத் தெரியாம ஒரு கை போடுங்க சம்பந்தி, எம்மேல சத்தியமா அவகிட்ட சொல்லாதீங்க'ன்னு அந்தப் பவுடரக் குடுத்துட்டுப் போனதே உங்கம்மாதான்!"