கதை நகரவில்லை

"நாலு நாளா சீரியல்ல அந்தப் பொண்ணு அழவே மாட்டேங்கா தம்பி. டிவியில என்னமோ கோளாறு" என்றாள் கோமதியம்மாள்.

டிவி மெக்கானிக் செல்வினுக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் கேட்கிற பேச்சை வைத்து அந்தந்த வீட்டுக்கென்று டிவியே சீரியல் எழுதிக்கொள்கிறது என்பதை இந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

"புருசன்காரன் போட்டு அடிக்கான், மாமியார்க்காரி வேடிக்கை பாக்கா. அவல்லாம் விளங்குவாளா? நான் தினம் அழுதுக்கிட்டேதான் சாப்பிடுதேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுக்களையில் இருந்த மருமகளைப் பார்த்துக் கத்தினாள். "ஏட்டி பிரவீணா, காப்பி எங்க? எம்மவன் கையால நாலு வாங்கினாத்தான் உனக்குப் புத்தி வரும்."

"வீட்ல நடக்கதுதாம்மா அதுல வரும்" என்றான் செல்வின், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எங்க வீட்ல யாருப்பா அடிக்கா? உளறாம வேலையப் பாரு."

அவன் இன்றைய பகுதியை ஓடவிட்டான். திரையில் அந்தப் பெண் அடுப்படியில் நின்றபடி போனில் மெதுவாகப் பேசினாள். "அண்ணே, ஆட்டோவோட பின்வாசல்ல நில்லு. டிவிய சரிபண்ண ஆள் வருவான். அத்தை அது முன்னால உக்காந்ததும் வந்துருதேன்."

கோமதியம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்பதான் கதை நகருது! போயிரு தாயி, திரும்பிப் பாக்காம போயிரு!"

அடுக்களைப் பக்கம் தாழ்ப்பாள் மெல்லக் கிறீச்சிட்டது.

செல்வின் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான்.