மூன்றரையாவது மாடி

எல்லாமே பச்சை.

மேலிருந்து கீழே வரை, பேருக்கு ஒரு சிவப்புக்கூட இல்லாமல், திரை முழுக்கப் பச்சை. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பச்சை என்றால் பாஸ், சிவப்பு என்றால் ஃபெயில். வேறு யாராக இருந்தாலும் கைதட்டியிருப்பார்கள். இவள் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை தேடுவதுதான் இவளுக்குச் சோறு போடுகிற வேலை. ஆபீஸில் முகத்துக்கு நேரே 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'முட்டுக்கட்டை'. இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வீட்டிலும் அப்படித்தான். பூட்டிய கதவை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டாள். பூட்டைக்கூட நம்ப மாட்டியா என்று கேட்ட வீட்டுக்காரரிடம், "பூட்டை நம்பறேன், பூட்டினவரைத்தான் நம்பல" என்றவள்.

முதல் ஓட்டத்திலேயே எல்லாம் பச்சை என்றால் எங்கேயோ உதைக்கிறது.

கம்ப்யூட்டர் என்றதும் நீங்கள் மிரள வேண்டாம். விஷயம் இவ்வளவுதான். லிஃப்டை ஏற்றி இறக்குகிற புரோகிராம் ஒன்று. அதை எழுதிய மொழிக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது. பழைய பதிப்பை இனி யாரும் சீந்தப் போவதில்லை. ஆயிரக்கணக்கான வரிகளை யார் உட்கார்ந்து மாற்றி எழுதுவது? அதற்கு ஒரு டூல் செய்தார்கள். பழையதை இந்தப் பக்கம் போட்டால் புதியது அந்தப் பக்கம் விழும்.

டூல் செய்தவனை ஆபீஸே 'மாப்பிள்ளை' என்று கூப்பிடும். இஸ்திரி கலையாத சட்டை, ஏசிக்கு நேர் கீழே நாற்காலி.

"பாத்தீங்களாக்கா? எல்லாம் பாஸ்! ஒரு தடவையாவது வாயைத் திறந்து சூப்பர்னு சொல்லுங்களேன்."

அவள் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றே புரோகிராமில் ஒரு வரியைக் கெடுத்தாள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திற என்று எழுதிவிட்டு, புரோகிராமைச் சோதிக்கிற டெஸ்டுகளை ஓட்டினாள்.

பச்சை.

வருஷக்கணக்கில் தான் எழுதிச் சேர்த்த டெஸ்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பெயர் இருந்தது. உள்ளே ஓடுகிற வரி ஒன்றுகூட இல்லை.

மாப்பிள்ளை, புரோகிராமோடு சேர்த்து அவளுடைய டெஸ்டுகளையும் டூலுக்குள் போட்டிருக்கிறான். டூலோ, தனக்கு மாற்றத் தெரியாத வரிகளையெல்லாம் ஓடாதபடி குறியிட்டு ஓரங்கட்டிவிட்டது. எதையும் சோதிக்காத டெஸ்ட் எப்படித் தோற்கும்?

"டூல் தப்புப் பண்ணலக்கா. தெரியாததை ஓரமா வெச்சிருக்கு, அவ்வளவுதான்."

"கேள்வித்தாள்ல தெரியாத கேள்வியெல்லாம் அடிச்சுட்டு நூத்துக்கு நூறு வாங்கினவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா!"



கெடுத்த வரியைச் சரியாக்கினாள். ஒரே ஒரு டெஸ்டைக் கையாலேயே திரும்ப எழுதினாள். லிஃப்ட் ஒரு முழு மாடியில் நின்றால்தான் கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த டெஸ்ட். ஓட்டினாள்.

சிவப்பு.

எந்த மாடியில் நிற்பது என்பதைப் புரோகிராம் வகுத்துத்தான் கண்டுபிடிக்கும். பழைய பதிப்பில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். புதிய பதிப்பில் மூன்றரை. அந்த வகுத்தலை டூல் தொடாமல் விட்டுவிட்டது. கணக்கு வாத்தியாரைக் கேட்டால் மூன்றரைதான் சரி என்பார். ஆனால் லிஃப்டுக்கு மூன்றரையாவது மாடி என்று ஒன்று கிடையாது. கதவு திறந்தால் எதிரே பாதிக்குச் சுவர். மீதிப் பாதியில், காலுக்குக் கீழே, இருட்டுக் குழி.

மாப்பிள்ளை குனிந்து அந்த வகுத்தலைத் திரும்பப் படித்தான்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். கையில் டீ. அவளுக்காம்.

அவள் டீயைத் தொடவில்லை. பொரிந்து தள்ளினாள்.

"இது வெளிய போச்சுன்னா ஆளைக் கொன்னுடும் சார். என் கையெழுத்து கிடைக்காது. முட்டுக்கட்டைன்னு போர்டு எழுதி என் கழுத்துலயே மாட்டுங்க, பரவாயில்ல. காலி டெஸ்டைக் காட்டி யாரை ஏமாத்தறீங்க? கிளையன்டையா, என்னையா, இல்ல உங்களையேவா?"

மற்ற நாளாக இருந்தால் அவரும் பதிலுக்கு எகிறியிருப்பார். கெடு என்பார், கிளையன்ட் என்பார், உங்க சம்பள உயர்வு என் கையிலதான் இருக்கு என்று இழுப்பார். இன்று கடைசி வரை நின்று கேட்டார். தலையாட்டினார்.

அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு வராதவரிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவது?

"நீங்க சொல்றதுதாம்மா நியாயம். சரி பண்ணிடலாம்." மடித்து வைத்திருந்த ஒப்புதல் காகிதத்தை மேஜையில் விரித்தார். பேனாவை அவரே திறந்து நீட்டினார். "அதுக்கு முன்னாடி இதுல மட்டும் ஒரு கையெழுத்து. தேதி... போன வெள்ளிக்கிழமை போட்டுடுங்கம்மா."



அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு வரிகூட இந்த ஆபீஸை விட்டு எந்தக் கட்டடத்துக்கும் போகக் கூடாது. அதுதான் விதி. போகவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துத்தான் இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்தாள். அது போன வெள்ளிக்கிழமையே போய்விட்டிருக்கிறது.

போனதற்கு இன்றைக்கு ஏன் கையெழுத்து? எந்தக் கட்டடத்து லிஃப்டில் என்ன ஆயிற்று?

அவள் மேனேஜரின் முகத்தைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"உள்ள யார் சார் இருந்தது?"

"எதுக்குள்ளக்கா?" என்றான் மாப்பிள்ளை.

மேனேஜர் அப்படிக் கேட்கவில்லை.